மங்கும் ஜாடியும்: உடைந்த பாண்டத்தைப் பேணும் முறை

சாக்கை அவர் தரையில் வைத்த சத்தத்திலேயே எனக்கு வயிறு கலங்கியது. உள்ளே ஓடுகள் ஒன்றோடொன்று உரசின. "அக்கா, கோயில் ஸ்டோர்ல இருந்த ஜாடி. ஏணி சாஞ்சு உடைஞ்சிருச்சு. சூப்பர் குளுவும் வாங்கிட்டு வந்துட்டேன், அரை மணி நேர வேலைதான்" என்றார் கோயில் நிர்வாகத்துத் தம்பி. குளுவை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன். அந்த அரை மணி நேர வேலைக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

பழுப்பு மெருகிட்ட, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு போட்டுச் சுட்ட ஜாடி. முழங்கால் உயரம், தோளில் நான்கு காது. எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் வைத்திருந்தது. அம்மா விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும்முன் என்னை அங்கே விட்டுவிட்டுப் போவார். ஆயா தகரக் குவளையில் அள்ளிக் கொடுத்த தண்ணீர்தான் என் முதல் ஞாபகம். அப்புறம் தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடுகள் வந்தன. லயத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனபோது யாரோ ஒரு புண்ணியவான் ஜாடியைக் கோயிலில் சேர்த்திருக்கிறார்.

நான் 26 ஆண்டு ஓர் அருங்காட்சியகத்தில் பாண்டங்களைப் பேணும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கில், கோயில் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள ஓர் அறையில் நாங்கள் நாலைந்து பேர் தோட்டத்துப் பொருள்களைச் சேர்த்து வைக்கிறோம். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, உளி, வாளி, பிரட்டு மணி, ஊறுகாய் ஜாடி, சேவல் படம் போட்ட கிண்ணம். உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அறை இருக்கலாம், இல்லை இனி வரலாம். அங்கே வேலை செய்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் பார்த்த பாண்டங்களில் விழுந்து கெட்டதைவிட ஒட்டிக் கெட்டதுதான் அதிகம். உடைந்த ஓடு அப்படியே நூறு வருடம்கூடக் காத்திருக்கும். தப்பான பசை அதன் விளிம்பைப் பாழாக்கிவிட்டால், எந்த ஆய்வுக்கூடத்தாலும் அந்த விளிம்பைத் திரும்பக் கொடுக்க முடியாது. நாம் செய்கிற எதையும் பின்னால் வருபவர் ஓட்டுக்குச் சேதமில்லாமல் பிரிக்கும்படிதான் செய்யவேண்டும். கீழே நான் சொல்கிற எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

உடைந்த அன்று

சாக்கில் அள்ளாதீர்கள். உடைந்த விளிம்புகள் புதிதாக இருக்கும்போது ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். உரசினால் நுனி நொறுங்கி, ஒட்டும்போது ஒரு முடி அளவு இடைவெளி விழும். பதினோரு துண்டில் பதினோரு முடி சேர்ந்தால் கடைசித் துண்டு நுழையாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனித் துணியில் சுற்றித் தட்டையான பெட்டியில் ஓர் அடுக்காக வையுங்கள். நெல்மணி அளவு சில்லும் வேண்டும். பெருக்கிய குப்பையையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். தம்பியைத் திரும்பவும் ஸ்டோருக்கு அனுப்பினேன். அலமாரிக்கு அடியிலிருந்து மூன்று சில்லு கிடைத்தது. அதில் ஒன்று காதின் நுனி.

துண்டுகளைப் பார்த்த கோயில் பெரியவர் ஒருவர், "உடைஞ்ச பாண்டத்த கோயில்ல வச்சா ஆகாது, ஆத்துல விட்டுரும்மா" என்றார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. நம் வீடுகளில் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். ஆனால் அந்த ஒரு பேச்சால் எத்தனை தோட்டத்துச் சட்டி, சால், ஜாடி ஆற்றோடு போயிருக்கும்! "ஐயா, இது பூசைப் பாண்டம் இல்லை, நம்ம பிள்ளைங்களுக்குத் தண்ணி கொடுத்த பாண்டம். சன்னதியில் வைக்கப்போறதில்லை, பின் அறையில்தான்" என்றேன். சரி என்றார். அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்தே ஒரு பழைய ஊறுகாய் ஜாடி வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தொடும் முன் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து, எல்லாத் துண்டையும் உள்பக்கம், வெளிப்பக்கம் எனத் தனித்தனியாக எடுங்கள். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எப்படி உடைந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அருங்காட்சியகத்தையும் பழைய சாமான் கடையையும் பிரிப்பது இந்தத் தாள்.

முழுப் பாண்டத்தைத் தூக்கும்போது காதையோ வாய்விளிம்பையோ பிடிக்காதீர்கள். ஒரு கை அடியில், ஒரு கை உடம்பில். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை படத்தில் அழகாக இருக்கும், பீங்கானில் வழுக்கும். கழுவித் துடைத்த கையோ, மெல்லிய நைட்ரைல் கையுறையோ போதும்.

எந்த மண்?

பீங்கானையும் மண்சட்டியையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. உடைந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சினால் அது குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம். நம் சட்டி பானையும் கோலகங்சார் பக்கத்து லாபு சாயோங் கூஜாவும் இந்த வகை. சொட்டு அப்படியே நின்றால் 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்கோ அதற்கு மேலோ சுட்ட, கல் போல் இறுகிய பாண்டம். எங்கள் ஜாடியும் பால் மங்கும் அதில் சேரும். உடைந்த இடம் வெள்ளையாக, வழவழப்பாக, ஓரம் மெலிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவினால் பீங்கான்.

உறிஞ்சும் மண் எதையும் உறிஞ்சும். அழுக்குத் தண்ணீரையும் சோப்பையும் பசையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைக் கழுவும் முன் பத்து முறை யோசியுங்கள்.

மங்கைத் தேய்க்காதீர்கள்

இது என் தப்பிலிருந்து கற்றது. நாற்பதுக்கு மேல் மங்குகள் வந்திருந்தன. உள்பக்கம் பழுப்பு மெருகு, வெளிப்பக்கம் பாதி மெருகில்லாத மண். பால் கட்டியானதும் உரித்து எடுக்கவே உள்ளே மெருகு. சிங்கப்பூரில் ஜூரோங் பக்கத்துச் சீனச் சூளைகள், நீளமாக மலைப்பாம்பு போல் சரிவில் படுத்திருக்கும் டிராகன் சூளைகள், ஒரு காலத்தில் இப்படிப்பட்ட மங்குகளைச் சுட்டுத் தள்ளின. 1940இல் கட்டிய ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. நம் மங்கெல்லாம் எந்தச் சூளையிலிருந்து வந்தது என்று சொல்ல எழுத்து ஏதும் இல்லை. மங்கே சொன்னால்தான் உண்டு.

உதவிக்கு வந்த பள்ளிப் பிள்ளை ஒருத்தி, நல்ல மனசோடு, நான் வருவதற்குள் பதினோரு மங்கை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தாள். விளிம்பில் காய்ந்து கருத்திருந்த ஒட்டுப்பால் போய்விட்டது. அது அழுக்கில்லை. அந்த மங்கு எந்த மரத்தில் தொங்கியது, யார் கை அதைத் துடைத்தது என்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே தடயம் அதுதான். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அதனால் இப்போது எங்கள் அறையில் ஒரு வழக்கம். முதல் சுத்தம் மென்மையான தூரிகையால் மட்டும். தூசி போகும், மண் உதிரும், அதோடு நிறுத்திவிடுவோம். பயன்படுத்தியதால் வந்த கறை, கரி, பால், மஞ்சள் எதையும் தொடுவதில்லை. ஜாடிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தால் கூர்மையில்லாத மூங்கில் குச்சியால் மெதுவாகப் பெயர்க்கலாம். இரும்பு வேண்டாம், மெருகில் கோடு விழும்.

தண்ணீர் தேவைப்பட்டால் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக்குச்சியை நனைத்து, தேய்க்காமல் உருட்டுங்கள். ஒரு தடவை உருட்டியதைத் திரும்ப வைக்காதீர்கள். பொன்வரை உள்ள கிண்ணம், மெருகுக்கு மேல் வண்ணம் தீட்டிய கிண்ணம், ஏற்கெனவே ஒட்டிய பாண்டம், இவற்றைத் தண்ணீரில் முக்கக்கூடாது. சேவல் கிண்ணத்தில் சிவப்பும் பச்சையும் மெருகின் மேல்தான் இருக்கின்றன. விரலால் தடவினாலே தெரியும்.

துணி வெளுக்கும் பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம். கறை போனது போல் இருக்கும், ஆனால் குளோரைடு உப்பு உள்ளே தங்கிவிடும்.

ஊறுகாய் ஜாடியின் வெள்ளைப் பஞ்சு

அந்த உப்பு என்ன செய்யும் என்பதைப் பெரியவர் வீட்டு ஜாடியில் பார்த்தோம். மேல்பாதி பழுப்பு, கீழ்பாதி வெள்ளை, மெருகு முழுக்க வலைப்பின்னல் போல் நுண்விரிசல். வந்த மூன்றாவது வாரம் அடிப்பாகத்தில் வெள்ளைப் பஞ்சு போல் முளைத்தது. பூஞ்சை என்று நினைத்துத் துடைக்கப் போனார்கள். நான் ஒரு துளி தண்ணீர் விட்டேன், கரைந்து மறைந்தது. பூஞ்சை அப்படிக் கரையாது. அது உப்பு. எத்தனையோ வருடம் எலுமிச்சையும் மாங்காயும் ஊறிய உப்பு, விரிசல் வழியே மண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். பளிங்காகும்போது பருத்து மெருகைத் தள்ளும். கெடாவில் இரவுக் காற்று அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். பகலில் ஏர்கோன் போட்டால் கீழே இறங்கும். காலையில் போட்டு மாலையில் அணைக்கும் அறையில் இந்த உப்பு நாள்தோறும் கரைந்து நாள்தோறும் முளைக்கிறது. ஒரு வருடத்தில் 365 தடவை. மெருகு செதில் செதிலாக உதிர்வதற்கு வேறு எதிரி தேவையில்லை. பாண்டம் இருக்கும் அறையில் ஏர்கோனை விட்டு விட்டுப் போடுவதைவிடப் போடாமலே இருப்பது மேல். ஒரு மின்விசிறியும் திறந்த ஜன்னலும் போதும்.

உப்பை எடுக்க வழக்கமான வழி ஊறவைப்பது. முதலில் மெருகு உதிர்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். உதிர்ந்தால் ஊறவைக்காமல் அருங்காட்சியகத்தாரைக் கேளுங்கள். உறுதியாக இருந்தால், பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரில் மூழ்கவைத்து நாள்தோறும் நீரை மாற்றுங்கள். நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், மீன்தொட்டிக் கடையில் விற்கும் டிடிஎஸ் அளவுகோலை மாற்றும் முன் நீரில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அப்புறம் வெயிலில் வைக்காமல் நிழலில், விசிறிக் காற்றில் இரண்டு வாரம் உலர்த்தினோம். மூக்கை வைத்தால் இன்னும் ஊறுகாய் மணம் லேசாக வருகிறது. அதை எடுக்க நான் முயலவில்லை.

இதே காரணத்துக்காக ஒரு வேண்டுகோள். நம் ஊரைச் சுற்றி மெர்போக், சுங்கை பத்து, பூஜாங் பள்ளத்தாக்கு எல்லாம் பழைய கடாரத்து நிலம். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் மண் ஊதுகுழல்கள் ஏராளமாகக் கிடைத்தன. பெங்காலான் பூஜாங்கில் சீனத்துப் பாண்ட ஓடுகள் குவியலாக வந்தன. மழை பெய்த மறுநாள் செம்பனை வரிசைக்கு நடுவே ஓர் ஓடு தலைகாட்டினால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். கிடந்த இடத்தோடு படம் எடுத்து மாவட்ட அதிகாரிக்குத் தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. மண்ணில் அது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது ஓட்டைவிடப் பெரிய செய்தி. 2013இல் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சண்டி (பழங்காலக் கோயிலின் எச்சம்) கட்டடத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது நினைவிருக்கும். போனது போனதுதான். நல்ல நிலையில் பேணிய ஓடுகளைப் பார்க்க, 1980இல் திறந்த மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

பழைய பசையும் சிமெண்டும்

எங்கள் ஜாடி முன்பே ஒருமுறை உடைந்திருக்கிறது. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் அடித்தபோது, அடிப்பாகத்தில் ஒரு கோடு நீலவெள்ளையாக மின்னியது. இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் எப்பாக்ஸி பசை. அதன் மேல், உள்பக்கமாக, யாரோ கையகல சிமெண்டு பூசியிருந்தார்கள். தண்ணீர் ஒழுகக்கூடாது, பிள்ளைகள் குடிக்கவேண்டும் என்று செய்திருப்பார்கள். நானும் அதில் குடித்திருப்பேன்.

எல்லாப் பழைய ஒட்டையும் பிரிக்கவேண்டும் என்றில்லை. உறுதியாக, நேராக இருந்தால் விட்டுவிடலாம். சீனர்களிடம் உடைந்த கிண்ணத்தில் நுண்துளை போட்டு உலோகத் தையல் போடும் பழைய கலை ஒன்று உண்டு. அப்படித் தைத்த கிண்ணம் கிடைத்தால் தையலைக் கழற்றாதீர்கள், அது அந்தக் கிண்ணத்தின் வரலாறு. எங்கள் ஜாடியில் பழைய ஒட்டு கோணலாக இருந்ததால் மேலே எதுவும் பொருந்தவில்லை. பிரித்தே ஆகவேண்டியிருந்தது.

வெள்ளைத் தச்சுப் பசை வெதுவெதுப்பான நீரில் ஊதி இளகும். சூப்பர் குளுவும் பல டியூப் பசைகளும் அசிட்டோனில் இளகும். பாண்டத்தைக் கனமான பாலித்தீன் பையில் வைத்து, உள்ளே சின்னக் கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் நனைத்த பஞ்சைப் போட்டு வாயைக் கட்டி ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். ஆவியே வேலையைச் செய்யும். துண்டுகளை இழுக்காதீர்கள், தானாக விடும்வரை பொறுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் எண்ணெயும் சாயமும் இருக்கும், அது வேண்டாம், சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தூரத்தில் எரியும் விளக்கைத் தேடிப் போகும். எங்கள் அறையோ கோயிலுக்குப் பின்னால். கற்பூரமும் எண்ணெய் விளக்கும் எந்நேரமும் எரிகிற இடம். ஆகவே அசிட்டோன் வேலையெல்லாம் என் வீட்டுப் பின்கட்டில், திறந்த வெளியில், பூசை இல்லாத நேரத்தில்தான். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எப்பாக்ஸி அசிட்டோனில் லேசில் விடாது. கடைகளில் அதற்கென்று வரும் கடுமையான கரைப்பான்கள் உடம்புக்குக் கேடு, வீட்டில் தொடாதீர்கள். கல் போல் சுட்ட ஜாடி என்பதால், சூடான ஈரத்துணியைப் படிப்படியாகச் சூடு ஏற்றிச் சுற்றி, பசை ரப்பர் மாதிரி ஆனதும் அறுவைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். சிமெண்டுக்குக் கரைப்பானே கிடையாது. அமிலம் ஊற்றலாம் என்பார்கள், வேண்டாம். பல் சுத்தம் செய்யும் கொக்கிக் கம்பியால் தினம் ஒரு மணி நேரம், ஆறு வாரம். சுண்டுவிரல் அகலம் பெயர்த்தால் அன்றைக்கு நல்ல நாள். முழுவதும் எடுத்தபோது மெருகின் ஓரத்தில் நான்கு வழுக்கை இடங்கள் தெரிந்தன. மெருகுக் குழம்பில் ஜாடியை முக்கியபோது குயவர் அதைப் பிடித்திருந்த விரல்களின் தடம். என் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என் கையைவிடச் சின்னக் கை.

ஒட்டுவது

அருங்காட்சியகங்களில் பாண்டத்துக்கு அதிகம் பயன்படுவது பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். கண்ணாடி மணி போல் உருண்டைகளாக வரும். பெரிதாக மஞ்சளாகாது, எத்தனை வருடம் கழித்தும் அசிட்டோனில் கரையும். 50 கிராம் உருண்டையைக் காயத்துக்குக் கட்டும் வலைத்துணியில் முடிந்து, கண்ணாடிப் புட்டியில் அசிட்டோனில் தொங்கவிட்டு, மொத்தம் 100 மில்லி வருமளவு கரையுங்கள். அடியில் போட்டால் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், தொங்கவிட்டால் ஓரிரு நாளில் தேன் பதத்துக்கு வரும். மெல்லிய பிளாஸ்டிக் குவளை கரைந்துவிடும், கண்ணாடிதான் வேண்டும்.

வெள்ளைக்கார நாட்டுக் கையேடுகள் அழுத்திச் சொல்லாத ஒன்று நம் ஊருக்கு முக்கியம். பி-72 சுமார் 40 டிகிரியில் இளகத் தொடங்கும். குளிர்நாட்டில் அது கவலையே இல்லை. எங்கள் அறைக்குத் துத்தநாகக் கூரை. பகல் இரண்டு மணிக்கு வெப்பமானி 38 காட்டியது. முதல் வருடம் நான் ஒட்டிய கிண்ணம் ஒன்றின் ஒட்டு, ஜன்னல் வெயில் பட்டு மெல்ல வழுக்கி இறங்கிவிட்டது. விழவில்லை, ஆனால் கோணிக்கொண்டது. பிரித்து மறுபடி ஒட்டினேன். அதன்பின் கனமான பாண்டத்துக்கு 60 டிகிரி வரை தாங்கும் பி-44ஐ அதோடு கலக்கிறேன். கூரைக்கு அடியில் பலகை மச்சும் போட்டோம். மழை வரும் பின்னேரத்தில் ஒட்டாதீர்கள். அசிட்டோன் வேகமாக ஆவியாகி இடம் குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து பசை வெள்ளை பூக்கும். காலை பத்து மணிக்கு மேல், ஈரம் கொஞ்சம் இறங்கிய நேரம் நல்லது.

மண்சட்டியாக இருந்தால், பசை முழுவதும் உள்ளே உறிஞ்சப்படாமலிருக்க, முதலில் விளிம்புகளில் நூற்றுக்கு ஐந்து பங்கு பி-72 கரைசலைத் தூரிகையால் தடவி உலரவிடுங்கள். மெல்லிய பீங்கானுக்கு வேறு பசை, வேறு கைப்பழக்கம் வேண்டும். அதைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

பசையில்லாமல் ஒத்திகை பாருங்கள். இது வேலையில் பாதி. துண்டுகளைத் தாள்நாடாவால் மட்டும் கட்டி, அடியிலிருந்து மேலே ஏற்றி, முழுப் பாண்டத்தையும் நிறுத்திப் பாருங்கள். எந்தத் துண்டுக்குப் பின் எது என்று நாடாவில் எண் எழுதுங்கள். தோளில் ஒரு முக்கோணத் துண்டு எனக்கு மூன்று ஒத்திகையிலும் நுழையவில்லை. பக்கத்துத் துண்டுகளுக்கு முன்பே அதை வைக்கவேண்டும் என்று நான்காவதில்தான் புரிந்தது. பசை போட்டபின் புரிந்திருந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஒட்டும்போது ஒரு விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகப் பசை. இரண்டையும் சேர்த்து அழுத்தி, ஒட்டுக்குக் குறுக்கே நாடா இழுத்துக் கட்டுங்கள். நகத்தை ஒட்டின் குறுக்கே நகர்த்துங்கள், தட்டினால் பொருந்தவில்லை. பெரிய பேசினில் உலர்ந்த மணல் நிரப்பி மேலே பிளாஸ்டிக் விரித்து, புதிதாக ஒட்டிய துண்டு தராசு முள் போல் நேர்மேலே நிற்கும்படி பாண்டத்தைச் சாய்த்து வையுங்கள். பாரமே அதை அழுத்திக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஒட்டு, அதற்கு மேல் வேண்டாம். நாடாவை ஓரிரு நாளில் எடுத்துவிடுங்கள், நம் வெயிலில் அதன் பசை மெருகோடு வெந்துவிடும். பொன்வரையின் மேலும் உதிரும் மெருகின் மேலும் நாடாவே ஒட்டாதீர்கள்.

நிரப்புவது

துண்டு காணாமல் போன இடத்தை எல்லாம் அடைக்கவேண்டியதில்லை. அடைக்காவிட்டால் பாண்டம் நிற்காது என்றால் அடையுங்கள், கண்ணுக்கு அசிங்கம் என்பதற்காக மட்டும் வேண்டாம். எங்கள் ஜாடியில் தோளில் உள்ளங்கை அளவு ஓட்டை. மேல்பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும், ஆகவே அடைத்தோம். பல் மருத்துவர்களின் மெழுகுத் தகட்டை வெந்நீரில் இளக்கி, ஓட்டை இல்லாத தோளில் அழுத்தி வளைவை எடுத்து, ஓட்டைக்கு உள்பக்கம் வைத்தேன். ஓரங்களில் பி-72 பூசி உலர்த்தினேன், அப்போதுதான் ஓட்டையை அடைக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தின் உப்பு ஓட்டுக்குள் போகாது. தண்ணீரில் சாந்துத் தூளைத் தூவுங்கள், தூளில் தண்ணீரை ஊற்றாதீர்கள், காற்றுக்குமிழி வரும். பாலாடைக்கட்டி பதத்தில் கத்தியால் செதுக்கிவிட்டால் உப்புத்தாள் தேய்க்கும் வேலை குறையும். உப்புத்தாள் பக்கத்து மெருகைத் தொடவே கூடாது.

நிறத்துக்கு அக்ரிலிக் வண்ணம். ஆறடி தூரத்தில் தெரியாமலும் ஆறு அங்குலத்தில் தெரிந்தும் இருக்கவேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழங்கும் அளவு. தம்பி, "இன்னும் கொஞ்சம் பளபளன்னு அடிச்சா புதுசு மாதிரி ஆயிரும்க்கா" என்றார். புதுசு வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் தம்பி, இது பழசு என்பதால்தானே சாக்கில் கட்டித் தூக்கி வந்தீர்கள் என்றேன். ஓட்டின் மேல் ஒரு சொட்டு வண்ணமும் ஏறவில்லை. உள்பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டேன். குனிந்து பார்க்கிற எவருக்கும் எது பழசு, எது நான் வைத்தது என்று தெரியும்.

வைக்கும் இடம்

புது மர அலமாரி புளிப்பு ஆவி விடும். மூடிய அலமாரிக்குள் அது உப்பேறிய மண்ணோடு சேர்ந்து வேறொரு வெள்ளைப் படிவத்தை உண்டாக்கும். பழைய ஆபீஸ் இரும்பு அலமாரி நல்லது. தட்டில் மெல்லிய பாலித்தீன் நுரைத்தகடு விரியுங்கள். எங்கள் தெருவில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போது தரையே அதிர்கிறது, நுரை அதைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்காதீர்கள். ஒட்டிய ஜாடியில் தண்ணீரோ பூவோ வைக்காதீர்கள், தலைவர் யாராவது வருகிறார் என்றாலும்.

எந்தப் பசை, எந்த அளவு, எந்தத் தேதி, எந்தத் துண்டு காணவில்லை என்று எழுதிய தாளை ஜாடிக்குள் போடாமல் கோப்பில் வையுங்கள். ஒரு நகல் வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். எண்ணை அடிப்பாகத்தில், பி-72 ஒரு பூச்சு பூசி உலர்ந்தபின் அதன்மேல் மையால் சின்னதாக எழுதுங்கள். விளிம்பிலும் உறிஞ்சும் மண்ணிலும் நேராக எழுதாதீர்கள்.

மாதம் ஒருமுறை ஜாடியை அதே இடத்திலிருந்து படம் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கிறேன். ஒட்டு இளகினால் முதலில் தோளில்தான் தெரியும். போன வாரம் பார்த்தபோது எதுவும் அசையவில்லை. வாய்ப்பக்கம் மட்டும் குளவி புதிதாக மண் கொண்டுவந்து வைத்திருந்தது. துணியில் ஒரு மூடி தைத்துத் தரும்படி அந்தப் பள்ளிப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.